இனிஷியல் ஒத்துவராத கல்லறை

இருநூறு வருஷத்துக் கல்லறை ஒன்றைப் பார்த்து, "இவர் கரண்ட் அடித்துச் செத்திருக்கிறார்" என்று தீர்ப்புச் சொன்ன ஆள் நான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. குனிந்து, கல்லைத் தடவி, கண்ணைச் சுருக்கி, நிபுணர் மாதிரி சொன்னேன். அதுவும் யாரிடம்? உள்ளே படுத்திருந்தவரின் வம்சத்தில் வந்த மனிதரிடம். அவரும் பாவம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுங்கள். கல்லின் உச்சியில் ஒரு மண்டை ஓடு. அதற்குக் கீழே பெருக்கல் குறி போல இரண்டு எலும்புகள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. விடிந்தால் பொழுது போனால் நான் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். பேனல் கதவில் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் இருக்கும், 'அபாயம்' என்ற எழுத்துக்கு மேலே இளித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு அந்தக் கல்லில் ஒரு சுத்தியலையும் செதுக்கி வைத்திருந்தார்கள். நம்ம டிபார்ட்மென்ட் ஆள்தான், லைனை ஆஃப் பண்ணாமல் கை வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அந்தக் காலத்தில் கரண்டே கிடையாது என்பது பைக்கில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டும். அன்று அவருக்கு இருந்த வருத்தத்தையும் மீறி, வழி நெடுக அவர் தோள் குலுங்கியது, வண்டியும் குலுங்கியது.

அவர் ஒரு இன்ஜினியர். எங்கள் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த பிரஸ் மெஷினைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவதற்காக ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்தார். ஐம்பது தாண்டிய வயது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் தக்காளி நிறத்துக்கு வந்துவிடுவார். அவர் பேசுவது இங்கிலீஷ் என்று மேனேஜர் சொன்னதால் நம்பினோம். 'ர' வருகிற இடமெல்லாம் மார்கழிக் குளிரில் பழைய லாரியை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்கும். முதல் நாளே மேனேஜர் அவரை "இங்கிலீஷ்காரர்" என்று அறிமுகப்படுத்த, மனிதர் முகம் சுருங்கி, "நான் ஸ்காட்லாந்துக்காரன்" என்று திருத்தினார். எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. ஓசூரில் இருக்கிறேன் என்று சொன்னால், "அப்போ பெங்களூர்னு சொல்லு" என்கிற திருநெல்வேலிச் சொந்தக்காரர்களிடம் எனக்கு வருகிற அதே எரிச்சல்.

மெஷின் வேலை முடியும் தறுவாயில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ சர்ச்சுக்குப் போறவன்தானே?"

"ஞாயித்துக்கிழமை ஓ.டி. இல்லேன்னா போவேன் சார்."

"அவருக்கு ஏதோ பழைய கல்லறை பாக்கணுமாம். அது உன் டிபார்ட்மென்ட். கூட்டிட்டுப் போ."

இப்படித்தான் எலக்ட்ரிக்கலோடு கல்லறையும் என் தலையில் விழுந்தது.

அந்த ஞாயிறு நாங்கள் போன பாதை சானமாவுக் காட்டு வழி. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானை வருகிற வரைக்கும் பேச எதுவுமில்லை, யானை வந்த பிறகு பேச மூச்சில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

தேடுவது அவரில்லை, அவருடைய அக்கா. ரிடையரான டீச்சர். சொந்த ஊர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் முழங்கால் போட்டு, பிரஷ்ஷால் பாசியைத் துடைத்து, முன்னோர் பெயரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தவர், ஒரே ஒரு இடத்தில் நின்றுபோய்விட்டார். அவர்களுடைய பாட்டன் பூட்டனில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கிற வேலையில் இந்தப் பக்கம் வந்தவர். ஊர் திரும்பவில்லை. திரும்பியது ஒரு சின்னப் பெண் குழந்தை மட்டும். யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் மனைவி அதைக் கப்பலில் கொண்டுபோய் அந்த லாடக்காரரின் சித்தி வீட்டில் விட்டிருக்கிறாள். அப்பா பெயர் எல்லாருக்கும் தெரியும். அம்மா பெயர் ஒருவருக்கும் தெரியாது. முறையாகக் கல்யாணம் கட்டியவளாக இருந்தால் பெயர் தெரியாமலா போகும் என்று ஊர் பேசியிருக்கிறது. அந்தப் பேச்சு தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவுக்கு இப்போது வேண்டியது இரண்டே விஷயம்: அந்த அம்மாவின் பெயர் என்ன, அவள் அவர் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாளா.

நான் யோசித்தேன். எங்கள் ஊரில் அப்பா பெயர் தெரியாவிட்டால்தான் ரகளை. 'இனிஷியல் இல்லாத பய' என்று ஒரு வார்த்தை போதும், வெட்டுக்குத்து ஆகிவிடும். இவர்களுக்கு அம்மா பக்கத்து இனிஷியல் தொலைந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை அவருக்கு இங்கிலீஷில் விளக்கப் பார்த்தேன். அதற்குள் யானை வந்துவிட்டது. யாருக்கு நல்ல காலம் என்று தெரியவில்லை.

பட்டாளப் பதிவேட்டில் அக்கா கண்டுபிடித்துக் கொடுத்த ஊர், காட்டைத் தாண்டி, கோட்டை மலை ஒன்று தெரிகிற இடத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், அங்கே சர்ச் கமிட்டியில் எனக்கு இப்போது வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சர்ச்சுக்கு வடக்கே சுவரை ஒட்டிக் கிடந்தது கல். மண்டை ஓட்டுக்கும் சுத்தியலுக்கும் பக்கத்தில் ஒரு லாடம் இருப்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அவர்கள் ஊரில் செத்தவர் செய்த தொழிலைக் கல்லில் வெட்டி வைப்பது வழக்கமாம். மண்டை ஓடு, பார்க்கிறவனுக்கு நீயும் ஒருநாள் இப்படித்தான் என்று சொல்வதற்காம். சுற்றி வளைத்துப் பார்த்தால் அதுவும் அபாயப் பலகைதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நடுவில் இருந்த மணல் கடிகாரத்தை நான் உடுக்கை என்று சொன்னதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஆனால் உடுக்கை என்று நினைத்தது நான் மட்டும் இல்லை. மண்டை ஓடு, உடுக்கை, சுத்தியல் எல்லாம் சேர்ந்ததால் அக்கம்பக்கத்தில் அதை 'தொரெ முனி', அதாவது துரை முனீஸ்வரன், ஆக்கிவிட்டார்கள். வண்டி வாங்கினால் அங்கே கொண்டுவந்து நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கி, கல்லிலேயே தேங்காய் உடைப்பது வழக்கம். குதிரைக்கு லாடம் அடித்தவரிடம் டயருக்குக் காவல் கேட்டால் தப்பில்லைதான். தேங்காய் பட்டுப் பட்டுக் கல்லின் நடுப்பகுதி சிதறிப்போயிருந்தது.

அங்கேதான் என் தொழில் கொஞ்சம் கைகொடுத்தது. வெயிலை மறைக்க, வண்டியில் கிடந்த பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சைக் கல்லோடு கல்லாகச் சாய்த்துப் பிடித்தேன். மெஷின் பாடியில் மயிரிழை விரிசல் தேடுவது இப்படித்தான். மழுங்கிய எழுத்து நிழலாக எழும்பியது. இடப்பக்கம் அவர் பெயர், குடும்பப் பெயரோடு. நடுவில் தேங்காய் தின்ற பள்ளம். வலப்பக்கம் ஒரு பெண்ணின் பெயர். இன்ஜினியர் பெட்ஷீட்டுக்குள் தலையை விட்டுப் படித்துவிட்டு வெளியே வரவே இல்லை. வந்தபோது முகம் வாடியிருந்தது. பெண்ணின் பெயருக்குப் பின்னால் இருந்தது வேறொரு குடும்பப் பெயர்.

அந்த நேரத்தில்தான் கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலர் வந்தார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிலும் சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் வெளியே வரமாட்டார். எல்லாருக்கும் அவர் செக்ரட்டரி ஐயா.

"பெட்ஷீட்ட மூடிக்கினு ரெண்டு ஆம்பளைங்க கல்லறையில இன்னாப்பா பண்றீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். பெயரைப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இனிஷியல் வேற வேற இருக்குதே. பொஞ்சாதியா இருந்தா ஒரே இனிஷியல் இல்ல இருக்கணும்? இவ வைப்பு. அதனாலதான் வடக்குப் பக்கம் ஒதுக்கிப் போட்டிருக்காங்க. அந்தக் காலத்துல வடக்குப் பக்கம் நாண்டுக்கினு செத்தவங்க, ஞானஸ்நானம் வாங்காததுங்க, இந்த மாதிரி ஆளுங்களைத்தான் போடுவாங்க."

இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. 'இனிஷியல்' என்ற வார்த்தை தெரியும். அதுவே போதுமாக இருந்தது.

அடுத்து ஐயா சொன்னதுதான் பெரிய இடி. ரோடு அகலமாகிறது. வடக்குச் சுவரும் அதை ஒட்டிய நிலமும் ரோட்டுக்குப் போகிறது. கமிட்டி கூடி, அங்கே இருக்கிற பழைய துரைமார் கல்லறைகளைக் கல்லோடு தெற்கு மூலைக்கு மாற்றிப் புதைக்க முடிவு பண்ணியிருக்கிறது. பொக்லைன் அடுத்த வாரம் வருகிறது.

"துரைய மாத்திருவோம். சபையில இருந்த மனுஷன். இந்த அம்மா எதுக்கு? கல்லுல அவ பேரு மேல சிமெண்டு பூசிக்கலாம். தெற்கால எங்க சபையோட பரிசுத்தவான்கள் படுத்திருக்குற எடம். அவங்க நடுவுல கொண்டுபோயி வெச்சா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க."

அதாவது, அக்கா தேடின அம்மா கிடைத்த அடுத்த வாரமே ரோட்டுக்கு அடியில் போகப்போகிறாள். அவளுக்கு மேலே லாரி ஓடும்.

இன்ஜினியர், விட்டுவிடலாம் என்றார். அக்காவிடம் பெயர் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், மிச்சத்தைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கு என்ன, என் கொள்ளுப்பாட்டியா? என்னுடைய தீர்மானம் எல்லாம் எப்போதும் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான்.

வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் இதை ஒரு ஜோக் மாதிரி சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என் சர்டிபிகேட்ல என்ன இனிஷியல்?"

"உங்க அப்பா இனிஷியல்."

"ஆஸ்பத்திரி பேட்ஜில?"

"அதே."

"பேங்குல?"

"அங்கதான் ரேஷன் கார்டுல வேற மாதிரி இருக்குன்னு அலைய விட்டானே."

"அப்ப நான் உங்களுக்கு யாரு?"

அயர்ன் பாக்ஸ் கையில் இருக்கிற பெண்ணுக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு இன்ஜினியர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். உங்கள் அக்காவைக் கூப்பிடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை, கல்லில் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள் என்றேன். அவர் தயங்கித் தயங்கிச் செல்போனில் நம்பரை அழுத்தினார்.

அந்தப் பக்கம் அதே லாரி ஸ்டார்ட் ஆனது. தம்பியை அவர் திட்டுவது எனக்கே புரிந்தது. திட்டி முடித்துவிட்டு என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். மெதுவாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி சொன்னார். தங்கள் ஊரில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் சாவார்கள். உயிரோடு இருக்கிற வரைக்கும் புருஷன் பெயரால் கூப்பிட்டாலும், கல்லில் வெட்டும்போது அப்பா வீட்டுப் பெயரைத்தான் வெட்டுவார்கள். அது கல்யாணமான பெண்ணுக்கு ஊர் காட்டுகிற மரியாதை. ஊரில் தான் துடைத்த கல்லில் பாதி அப்படித்தான். தன் தம்பி கல்லைப் படித்ததே இல்லை, மெஷின் கையேட்டைத்தான் படித்திருக்கிறான். அந்தப் பள்ளத்துக்குள் போன வார்த்தை 'அவருடைய மனைவி' என்பதாக இருக்கும். கடைசியாக ஒன்று கேட்டார்: இரண்டு பேரும் சேர்ந்து போவார்களா?

போவார்கள் அம்மா என்று சொல்லிவிட்டேன். வாய்தான். கமிட்டி என் மாமனார் வீடா?

ஆனால் சொல்லியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் ஒரு பிடிவாதக்காரனாக மாறினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு செக்ரட்டரி ஐயா வீட்டு வாசலில் போய் நிற்பேன். முதல் நாள், அக்கா சொன்னதைச் சொன்னேன். "போன்ல யாரோ சொன்னா ஆச்சா?" என்றார். மறுநாள், வடக்குப் பக்க விஷயத்தை எடுத்தேன்.

"ஐயா, சர்ச் கட்டுறதுக்கு முன்னாடியே அந்தக் கல்லு இருக்கு. சர்ச் வாசக் கல்லுலயே வருஷம் போட்டிருக்கே. சர்ச்சே இல்லாதப்ப வடக்கு எது, தெற்கு எது?"

"அளந்துதான் போட்டிருப்பாங்க."

"எத வெச்சு அளந்தாங்க? நீங்க அப்பப் பொறக்கவே இல்லியே."

"நக்கலாப்பா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த நாள் மனைவியையும் கூட்டிப்போனேன். ஐயாவுக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. அவள் பிரஷர் பார்த்து, மாத்திரையைப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னாள். ஐயா குளிர்ந்துபோய், "உம் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். அவள் அப்பா இனிஷியலோடு அழுத்திச் சொன்னாள். ஐயா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பொக்லைன் வருவதற்கு முந்தின நாள், லீவு போட்டுவிட்டு இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஐயா எங்களுக்கு முன்பே வந்து, டேப்பைப் பிடித்து, கல்லின் நடுவுக்கு நேராகத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். குழி வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"இந்தப் பக்கம் துரை. இதுல இருக்குற மண்ண மட்டும் பெட்டியில எடுங்க. அந்தப் பக்கம் கை வெக்காதீங்க."

அவ்வளவு காலமான குழியில் எலும்பு ஏது? கையளவு மண்ணை எடுத்து, பலகைப் பெட்டியில் போட்டு, பாதிரியார் ஒரு ஜெபம் பண்ணிப் புதைப்பதுதான் ஏற்பாடு. தலை மேற்கே, கால் கிழக்கே. கர்த்தர் கிழக்கிலிருந்து வரும்போது எழுந்து நேராகப் பார்க்க வேண்டும் என்று. அந்த வழக்கம் மட்டும் ஸ்காட்லாந்துக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

நான் கோட்டுக்கு மேல் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு சந்தேகம். இருநூறு வருஷமா மழை பெஞ்சிருக்கு. வேரு போயிருக்கு. இதுல ஆம்பள மண்ணு எது, பொம்பள மண்ணு எதுன்னு எப்படிப் பிரிப்பீங்க? சல்லடை இருக்கா?"

மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஐயா டேப்பைச் 'சடக்' என்று உள்ளே இழுத்தார்.

"தள்ளுப்பா. வம்பு பேசாத."

"தள்ள மாட்டேங்கய்யா. இந்தாப் பாருங்க." டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். இரண்டு பெயருக்கும் கீழே, பள்ளத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன இதயம் தெரிந்தது. "இது என்னங்கய்யா?"

குனிந்து பார்த்தார். "வெத்தல."

"ரெண்டு பேருக்கு நடுவுல வெத்தல எப்பங்கய்யா வெப்பாங்க? நிச்சயம் பண்றப்பத்தானே? வைப்புக்கு யாராச்சும் வெத்தல மாத்துவாங்களா?"

இதயத்தை வெற்றிலையாக ஏற்றுக்கொண்டதற்கு அக்கா என்னை மன்னிக்க வேண்டும். ஐயாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம். ஆனால் சர்வேயர் அல்லவா, அவ்வளவு லேசில் கோட்டை அழிப்பாரா?

"எல்லாஞ் சரிப்பா. ஆனா பொஞ்சாதின்னா புருஷன் பேருலதான் கல்லு இருக்கணும். ஊரு ஒலகத்துல அதான் முறை. போயிப் பாரு, தெற்கால எல்லாக் கல்லும் அப்படித்தான் இருக்குது."

எனக்கு அதற்கு மேல் ஜோக் வரவில்லை. தெற்குப் பக்கம் அவர் கை நீட்டிய வரிசையின் கடைசியில் ஒரு பளிங்குக் கல். அந்த ஞாயிற்றுக்கிழமையே அதை நான் பார்த்திருந்தேன். 'திருமதி' என்று ஆரம்பித்து, செக்ரட்டரி ஐயாவின் பெயர் அவருடைய இனிஷியலோடு இருந்தது. அதற்குக் கீழே ஒரு வசனம். வேறொன்றும் இல்லை. முதலில் படித்தபோது, ஐயா உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல் வைத்துக்கொண்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"ஐயா, அம்மா பேரு என்னங்கய்யா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. அந்தச் சபையில் யாருக்கும் தெரிந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ மெதுவாக நடந்து அந்தப் பளிங்குக் கல் பக்கம் போனார். அதன் மேல் விழுந்திருந்த வேப்பஞ்சருகைக் கையால் தள்ளினார். வாய் அசைந்தது. ஜெபமோ, பெயரோ, எனக்குக் கேட்கவில்லை. இன்ஜினியர் என் முழங்கையைத் தொட்டு, என்ன சொன்னாய் அவரிடம் என்று கேட்டார். அவர் மனைவியின் பெயரைக் கேட்டேன் என்றேன். அவர் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.

ஐயா திரும்பி வந்தபோது டேப் பைக்குள் போயிருந்தது. வந்தவர் யாரையும் பார்க்காமல், சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் தேய்த்தார். முழுசாக அழியவில்லை. இன்னொரு தடவை தேய்த்தார். மண்வெட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். சும்மா இருக்கத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

"அப்ப ரெண்டு பேருக்கும் தனித்தனியா ரெண்டு குழி வெட்டச் சொல்லட்டுங்களாய்யா?"

"ஒரே குழி, அகலமா வெட்டச் சொல்லு."